ஒன்பது மூட்டை

மார்ச் 11, செவ்வாய்

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஆய்வுக்குழு வருகிறதாம். நகராட்சிப் பொறியாளர் மங்கை மேடம் காலையிலேயே போன் போட்டுவிட்டார். "சீலி, எது எப்படியோ, வாடை மட்டும் வரக்கூடாது." ஊர்ச் சாக்கடை முழுக்க வந்து விழுகிற சுத்திகரிப்பு நிலையத்தில் பிச்சிப்பூ வாசமா வரும்? கேட்கவில்லை. "சரிங்க மேடம்" என்றேன். பதினோரு வருஷம் ஒப்பந்தத்தில் கெமிஸ்ட்டாக இருந்தால் அந்த இரண்டு வார்த்தை நாக்கிலேயே குடியிருந்துவிடும்.

குழு திருப்தியாகப் போனால் நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியல் மேலே போகும், அதில் என் பெயர் மூன்றாவது என்றும் மேடம் சொன்னார். வீட்டில் சொன்னதும் இவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தார். கிறுக்கு மனுஷன். வருவதற்கு முன்னாலேயே கொண்டாட்டம்.

காலை ஜாடி 290.

மார்ச் 12, புதன்

இந்த டைரியை என்றைக்காவது என் மகள் படித்தால் ஜாடி என்றால் என்னவென்று கேட்பாள். எழுதிவைக்கிறேன். எங்கள் பெரிய தொட்டியில் சாக்கடைத் தண்ணீருக்குள் மிஷின் இருபத்துநாலு மணி நேரமும் காற்று ஊதுகிறது. அந்தக் காற்றை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஊர் அழுக்கைத் தின்று வளர்கின்றன. தினமும் அந்தத் தண்ணீரை ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வைத்தால் உயிர்களெல்லாம் திரண்டு கீழே படியும். முன்னூறு கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் சுகம். மேலே நிற்கிற தெளிந்த தண்ணீர்தான் கூழையாற்றுக்குப் போகிறது.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் காம்பு மேல் மணி கட்டியது மாதிரி ஒரு வகை தெரியும். சட்டென்று சுருங்கும், விரியும். மணிப்பயல்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அவன்கள் இருந்தால் ஆறு நன்றாக இருக்கும்.

வடிவு தொட்டிப் பாதையைக் கூட்டிக்கொண்டே கதை சொன்னாள். துப்புரவுப் பணிக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. வீடு ஆற்றின் போக்கில் கீழே, ஆனைக்கசத்தில்; கசம் என்றால் ஆற்று மடு. "எக்கா, நேத்து கசத்துல எங்க வீட்டுக்காரரு மூணு கிலோ கெண்ட பிடிச்சாருக்கா. ஒங்களுக்குக் கொண்டாரட்டா?"

"எங்க தண்ணியில வளந்த மீன் எனக்கேவா?" என்றேன்.

"அந்தத் தண்ணிய விட்டா எங்களுக்கு வேற என்னக்கா இருக்கு?"

உண்மைதான். மாசி பிறந்துவிட்டால் எங்கள் வாய்க்காலுக்கு மேலே கூழையாறு வெறும் மணலும் உடைமரமும். எங்கள் வாய்க்கால் சேருகிற இடத்திலிருந்துதான் அது ஆறு.

மார்ச் 13, வியாழன்

பன்னிரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் வந்து இறங்கியது. எங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதானே, யாராவது பெரியவர் வந்தால் ரோட்டோரம் வெள்ளைக் கோடு விழும். மூன்று மூட்டையில் வாசல்வரை கோடு போட்டாயிற்று. மிச்சமும் போடப்பட்டது.

நான் வாசலில் கோலத்துக்குக் கலர் சரிபார்த்து, சாம்பிள் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டி, மேடத்துக்கு நாலு தடவை போன் எடுத்து, நாக்குத் தள்ளிவிட்டது.

தொட்டி மேல் பழுப்பு நுரை கட்டியிருந்தது. சாயங்காலம் அடங்கிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

பத்தே நிமிஷம். இறங்கினார்கள், மாலை, தொட்டிப் பாதையில் ஒரு போட்டோ, இளநீர், கிளம்பினார்கள். ஒருவர், "பரவாயில்லையே, வாடையே இல்லை" என்றார். நீச்சல் குளத்து வாடை அடித்தது அவருக்குச் சுத்தத்தின் அடையாளமாகத் தெரிந்திருக்கிறது. மங்கை மேடம் முப்பத்திரண்டு வயசுப் பெண், முகம் மலர்ந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜாடி பார்க்க நேரமில்லை.

மார்ச் 15, சனி

ஜாடியில் ஒன்றும் படியவில்லை. அரைமணி, முக்கால் மணி, ஒரு மணி. கழுநீர் மாதிரி கலங்கியே நிற்கிறது.

மைக்ரோஸ்கோப்பில் நாலு சொட்டு பார்த்தேன். மணிப்பயல்கள் காம்பிலேயே இருக்கிறான்கள். ஒருத்தனும் சுருங்கவில்லை.

மிஷின் ஆபரேட்டர் பலவேசம் அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிற மனுஷர். "என்ன தாயி, செத்துப்போச்சா?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஒமக்கு வேற வேல இல்லையா?" என்று கத்திவிட்டேன். அவர் போய் ரிஜிஸ்டரில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, திங்கள்

ஆனைக்கசத்து ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். நாலு கூடை மீன். கெண்டை, விரால், சுண்டுவிரல் அளவு குஞ்சு எல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தன. முன்னால் நின்றது வடிவின் புருஷன் கொம்பையா. "ஏ மேடம், நீங்க பாட்டுக்குத் தொறந்து விட்டுட்டிய. ஆடு வாய் வைக்க மாட்டங்கு. பிள்ளையளுக்கு மேலு பூரா அரிக்கி. நாங்க எங்க போவ?"

வடிவு கேட்டுக்கு உள்ளே, கையில் விளக்குமாறோடு நின்றாள். புருஷன் வெளியே. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மங்கை மேடம் வந்தார். தொட்டிக்குள் பிளீச்சிங் போயிருக்கிறது என்று சோதனையிலேயே தெரிந்துவிட்டது. "யார் போட்டது?" என்றார்.

வடிவு போட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

விசாரணை என்று பெயர். மேடம் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், வடிவு நின்றுகொண்டு.

"நீயாம்மா ஒன்பது மூட்டையையும் தொட்டியில கொட்டினது?"

"ஆமா மேடம். நாந்தான் கொட்டுனேன்."

"யாராவது சொன்னாங்களா?"

வடிவு என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். "நொரையா இருந்துச்சு மேடம். அதான்."

"சீலி, நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

கோலத்தில் இருந்தேன் என்று சொன்னேன். கோலத்தில்தான் இருந்தேன், அது பொய் இல்லை.

நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். போகும்போது தன் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு, என் ஜாடியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 19, புதன்

ஜாடி 40. மீன் குழம்பு வைக்கவா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

செத்த தொட்டியை உயிர்ப்பிக்க எல்லா ஊரிலும் ஒரே வைத்தியம்தான். வேறொரு நகராட்சி நிலையத்திலிருந்து இரண்டு லாரி உயிர்க்கசடு கடன் கேட்டு வாங்கி ஊற்றினோம், வீட்டுத் தயிருக்கு அடுத்த வீட்டில் உறை மோர் வாங்குகிற மாதிரி. அதற்குத் தீனியாக வெல்லக் கழிவு, பசுஞ்சாணிக் கரைசல். சாணி தினமும் பத்துக் கூடை வேண்டும், ஈரமாக, அன்றைக்குப் போட்டதாக.

பத்துக் கூடைக்கு எங்கே போவது? டவுனில் மாடுகள் போஸ்டரைத் தின்கின்றன.

மார்ச் 22, சனி

காலை ஏழு மணிக்கு கேட்டில் ஒரு தட்டுவண்டி. கொம்பையா மிதிக்க, வடிவு பின்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு கூடை சாணி.

"ஒன்ன வரக்கூடாதுன்னுல்லா சொல்லியிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வேலைக்குத்தான வரக்கூடாது? சாணி கொண்டாரக் கூடாதுன்னு சொல்லலையே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அண்ணாச்சிதான் சொல்லிவிட்டாவ, சாணி வேணும்னு. எங்க ஊர்ல மாட்டுக்கா பஞ்சம்?"

கொம்பையா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

மார்ச் 24, திங்கள்

பதினொரு கூடை. வடிவே தொட்டியருகில் நின்று கரைத்தாள். முழங்கை வரை சாணி. யாரும் தடுக்கவில்லை. நான் வெல்லக் கழிவை ஊற்றினேன்.

ஜாடி 70.

மார்ச் 25, செவ்வாய்

தலைவலி. ஜாடி 75.

மார்ச் 27, வியாழன்

இன்று கேட்டுவிட்டேன். பலவேசம் அண்ணாச்சி டீக்குப் போயிருந்தார். கொம்பையா வண்டியில் காற்று அடித்துக்கொண்டிருந்தான். தொட்டிப் பாதையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"வடிவு, அன்னைக்கு ஏன் நீ சொல்லல?"

"எதக்கா?" என்றாள். தெரியாத மாதிரி இல்லை, எனக்கு வாய்ப்புக் கொடுக்கிற மாதிரி.

"நான்தான் போடச் சொன்னேன்னு."

அவள் கூடையைக் கவிழ்த்து விளிம்பில் தட்டினாள். "சொல்லியிருந்தா என்னக்கா ஆவும்? ரெண்டு பேரையும் வெளிய போவச் சொல்லுவாவ. எனக்கு அந்தக் கண்ணாடியில பாக்கத் தெரியுமா? எவ்வளவு சாணி, எவ்வளவு வெல்லம்னு தெரியுமா? ஒருத்தியாவது உள்ள இருந்தாத்தான தண்ணி சரியாவும்? ஆறு எங்களுதுல்லா."

அடுத்த காலிக் கூடையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"ஆனா எக்கா," என்றாள். "எங்க வீட்டுக்காரரு என்னோட பேசிப் பத்து நாளாச்சு. கசத்துக்கு நான் வெசம் வச்சிட்டேன்னு ஊர்ல பேச்சு. குடத்த எடுத்துட்டுப் போனா பொம்பளைய எந்திச்சுப் போறாவ." சொல்லும்போது அழவில்லை. கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

வண்டி போனபிறகு லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

இந்த டைரியிலேயே நான் பொய் எழுதியிருக்கிறேன். 13-ம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். "மிச்சமும் போடப்பட்டது" என்று இருக்கிறது. தானாகவா போடப்பட்டது? நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "அந்த நொரை மேல போடு வடிவு. எல்லா மூட்டையும் காலியாகட்டும், மிச்சம் வச்சா ஏன் வச்சீங்கன்னு மேடம் கேப்பாங்க." அவள், "உள்ளயாக்கா? மீனுக்கு ஆவுமா?" என்று கேட்டாள். அதையும் எழுத வேண்டும். கேட்டாள். நான், "கெமிஸ்ட் நானா நீயா?" என்றேன்.

பிளீச்சிங் நுண்ணுயிரைக் கொல்லும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஓரத்தில் கொஞ்சம் போனால் ஒன்றும் ஆகாது என்று மனசு சொன்னது. ஒன்பது மூட்டை கொஞ்சமா? பட்டியலில் மூன்றாவது பெயர் கண்ணை மறைத்துவிட்டது.

மார்ச் 29, சனி

ஜாடி 110. திங்கள்கிழமை மேடத்திடம் சொல்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

மேடம் இன்று மீட்டிங்கில். அதனால் சொல்லவில்லை. மீட்டிங் பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது என்று டிரைவர் சொன்னதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

வாயால் சொல்ல வரவில்லை, எழுத்தில் வைத்துவிடலாம் என்று ஆபரேட்டர் ரிஜிஸ்டரை எடுத்தேன். மார்ச் 13 பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேடத்திடம் நீட்டிவிட வேண்டும் என்று திட்டம். அந்தத் தடித்த நோட்டு எப்போதும் கேட் பக்கத்து மேஜையில் விரித்தேதான் கிடக்கும். மிஷின் எத்தனை மணிக்கு ஓடியது, நின்றது என்று அண்ணாச்சி பதினெட்டு வருஷமாக எழுதுகிறார். கோழி கிளறின எழுத்து. மேடம் வாரத்துக்கு ஒரு நாள் வந்து பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுவார்.

13-ம் தேதிப் பக்கம். கடைசி வரி:

"மாலை 3.40. கெமிஸ்ட் அம்மா சொன்னபடி வடிவு 9 மூட்டை பிளீச்சிங் ஏரேஷன் தொட்டியில் போட்டது. வடிவு வேண்டாம் என்று கேட்டது. நானும் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை."

அதற்கு நேர் கீழே மங்கை மேடத்தின் கையெழுத்து, தேதியோடு. மார்ச் 17. மீன் கூடை வந்த அன்றைக்கே போட்டிருக்கிறார்.

உட்கார்ந்துவிட்டேன். இருபது நாளாக அது மேஜை மேல் விரித்துக் கிடந்திருக்கிறது. நான் தினமும் அதன் மேல்தான் என் தண்ணீர் பாட்டிலை வைத்தேன்.

பலவேசம் அண்ணாச்சி எண்ணெய்க் கையோடு வந்தார். "என்ன அண்ணாச்சி இது?" என்று கேட்டேன்.

"எழுதியிருக்கேம்லா தாயி."

"அன்னைக்கே மேடத்துகிட்ட சொல்லியிருக்கலாம்ல? வடிவு வேல போயிருக்காதே!"

"ஆமா, சொல்லியிருக்கணும்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "பெரிய வம்புல மாட்டிக்கிடக் கூடாது, எழுதிட்டா நம்ம கடம தீந்துச்சுன்னு நெனச்சேன். இத்தன வருசம் எழுதுதேன், ஒரு வரிய ஒருத்தரு படிச்சதில்ல. அப்புறம் சாணிக்குச் சொல்லிவிட்டேன். அதுக்கு மேல என்னால முடியல தாயி. நீயாச்சும் சொல்லிரு."

ஏப்ரல் 3, வியாழன்

ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தே போனேன். பஸ் ஏறினால் வழியில் இறங்கிவிடுவேன் என்று பயம்.

"மேடம், வடிவு மேல தப்பு இல்ல. நான்தான் போடச் சொன்னேன். அவ கேட்டா, நான்தான் அதட்டினேன்." மூன்றே வாக்கியம். மூன்று வாரமாகத் தொண்டையில் கிடந்தது.

மேடத்துக்கு முதலில் கோபம்தான். "எவ்வளவு பெரிய விஷயம், விசாரணையில வாய மூடிட்டு உக்காந்திருந்தீங்களே சீலி!" என்றார். நியாயம். தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தை விரித்து வைத்தேன்.

படித்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். முகம் மாறிவிட்டது.

"பலவேசம் எழுத்து எனக்குப் புரியாது. நான் படிக்கறதே இல்ல." சத்தம் குறைந்துபோயிருந்தது. "படிச்சிருந்தா அன்னைக்கே அந்தப் பொண்ணை அனுப்பியிருக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "ரோட்டுக்கு மூணு மூட்டை போதும்னு தெரிஞ்சேதான் பன்னிரண்டு அனுப்பினேன். வாடை வரக்கூடாதுன்னு உங்க உயிரை எடுத்ததும் நான்தானே."

இந்தப் பக்கத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் தலையாட்டியிருப்பேனோ என்னவோ, தெரியாது. அவர் சொல்லவில்லை. வெள்ளைத்தாள் எடுத்து, "உட்காருங்க. ரெண்டு பேரும் எழுதிக் குடுப்போம்" என்றார்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆனைக்கசத்துக்குப் போனேன். மேடமும் வந்தார். கசத்தங்கரையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், கொம்பையாவும். உண்மையை வடிவு சொல்லி அவர்கள் கேட்கவேண்டாம் என்று நானே சொன்னேன். எல்லார் முன்னாலும், உரக்க. ஒரு கிழவர் ஏச ஆரம்பித்தார். ஏசட்டும் என்று நின்றேன்.

கொம்பையா எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தான். ஓட்டமும் நடையுமாக. என்னை ஏசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஏப்ரல் 7, திங்கள்

வடிவு வேலைக்கு வந்துவிட்டாள். தூக்கில் இரண்டு பேருக்குச் சோறு. "வீட்டுக்காரரு குடுத்துவிட்டாவ" என்றாள். முகத்தில் வெட்கம் தாங்கவில்லை, புதுப்பெண் தோற்றாள்.

பட்டியலிலிருந்து என் பெயர் எடுக்கப்பட்டது. மேடத்துக்கு மெமோ. இவரிடம் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே, "அல்வா சாப்பிட்டது சாப்பிட்டதுதான், திருப்பிக் கேக்க மாட்டாங்கல்ல?" என்றார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ஏப்ரல் 12, சனி

ஜாடி 190. மூன்றாவது சொட்டில் ஒரு மணிப்பயல்! சட்டென்று சுருங்கினான், விரிந்தான். வடிவைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனியச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொடிப்பயலுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?" என்றாள்.

ஏப்ரல் 26, சனி

ஜாடி 270. கசத்தில் ஆடுகள் வாய் வைக்கின்றனவாம். மீன் இன்னும் இல்லை.

மே 8, வியாழன்

அயிரைக் குஞ்சு தென்பட்டதாகக் கொம்பையா சொல்லிவிட்டிருக்கிறான். எனக்கென்று சொல்லிவிட்டானாம்.

மே 20, செவ்வாய்

நாளை மறுநாள் இன்னொரு குழு வருகிறது. மேடம் இரண்டு மூட்டைதான் கேட்டிருந்தார். நகராட்சிக் கிடங்கிலிருந்து வழக்கப்படி பன்னிரண்டு வந்து இறங்கிவிட்டது. மூன்று மணியிலிருந்து வடிவு அந்த மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். லாரி திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போகிறவரை எழுந்திருக்க மாட்டாளாம். "மேடமே வந்து சொன்னாலும் சரி, நீங்க சொன்னாலும் சரி, எறங்க மாட்டேன்" என்கிறாள்.

பலவேசம் அண்ணாச்சி அதை ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். நான் அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பக்கத்து மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.